ஊரைப் பறிகொடுத்த சிக்கானோ மக்களுக்குப் புனித நூல் எப்படி அடையாளமும் நம்பிக்கையும் தருகிறது?

சிக்கானோ என்பது அமெரிக்காவில் வாழும் மெக்சிக வம்சாவளியினரில் பலர் பெருமையோடு சூடிக்கொண்ட பெயர். 1950-களில் லாஸ் ஏஞ்சல்ஸின் சாவேஸ் ரவைன் என்ற பகுதியில், அரசுக் குடியிருப்பு கட்டப்போவதாகச் சொல்லி இவர்களின் குடும்பங்களை வெளியேற்றினார்கள். கடைசியில் அங்கே எழுந்தது பேஸ்பால் மைதானம்.

நிலம் போனபின் 'நாம் யார்' என்பதற்கு எதைப் பற்றிக்கொள்வது? வீடு மாறும்போது அம்மியை விட்டுவிட்டுப் போனாலும் அம்மாவின் கைப்பக்குவம் கூடவே வருமில்லையா? பைபிள் கதைகளும் அப்படித்தான். எகிப்தை விட்டு நடந்த அடிமைகள், சத்திரத்தில் இடம் கிடைக்காத மரியாளும் யோசேப்பும்: விரட்டப்பட்டவர்கள் பக்கம் கடவுள் நிற்கும் கதைகள் இவை. அவற்றில் தங்களையே பார்ப்பதால் விரட்டப்பட்டது அவமானமாகத் தெரிவதில்லை.

மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடியதை நடித்துக்காட்டும், டிசம்பர் 16 முதல் 24 வரை நடக்கும் போசாதாஸ் சடங்கைப் பாருங்கள். ஒரு கூட்டம் தெருவில் நின்று தங்க இடம் கேட்டுப் பாடும். உள்ளே இருப்பவர்கள் மறுத்துப் பாடுவார்கள். பிறகு கதவு திறக்கும், எல்லாருக்கும் சாப்பாடு. அந்தக் கதவு திறக்கும் என்பதைக் குழந்தைகள் வருடாவருடம் கண்ணால் பார்த்தே வளர்கிறார்கள். எனக்கு இதுதான் மிக அழகான பகுதி.

'சாமி பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருக்கவைக்கும் நம்பிக்கைதானே?' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 1966-இல் சீசர் சாவேஸ் தலைமையில் பண்ணைத் தொழிலாளர்கள் மெக்சிக மக்கள் வணங்கும் குவாதலூப்பே மாதாவின் கொடியேந்தி, கலிபோர்னியாவின் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவரை நடந்து, ஈஸ்டர் ஞாயிறன்று போய்ச் சேர்ந்தது கூலி உரிமை கேட்டுத்தான்.