திண்ணைக்குப் போன தட்டு

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கும் என் மாமனாருக்கும் இலங்கையின் கண்டி ராஜாவால் தினமும் சண்டை. "குழந்தைகளை வெட்டிய பாவி" என்கிறான் பையன். "எல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை" என்கிறார் மாமா. இப்போதெல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறார். அந்த ராஜா நல்லவரா, கெட்டவரா? நீங்களே தீர்த்துச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, வேலூர்

பதில்: நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அம்மா. முழுக்க ராஜா புராணம். தட்டுக்கு ஒரே ஒரு வரி.

சரி, ராஜாவை முதலில் முடித்துவிடுவோம். ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் 1814-இல், தன்னை எதிர்த்துவிட்டு வெள்ளைக்காரரிடம் ஓடிப்போன மந்திரி எகலப்பொலவின் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றது நடந்ததுதான். மாமா ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கொலையைச் சொல்லிச் சொல்லியே லாபம் பார்த்ததும் வெள்ளைக்காரன்தான். ஜான் டொய்லி என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒற்றர்களை வைத்துக் கண்டிப் பிரதானிகளை வளைத்தார். 1815 மார்ச் 2-ஆம் தேதி ஒப்பந்தம், நாடு கைமாறியது. அடுத்த வருஷம் ராஜா நம் வேலூர்க் கோட்டைக்கு வந்தார், 16 வருஷம் கைதியாக இருந்து 1832-இல் இங்கேயே செத்தார். பேரன் சொல்வது நிஜம், தாத்தாவின் சந்தேகமும் வீண் இல்லை. இதற்கு மேல் தீர்ப்பு என்னிடம் கிடையாது.

இப்போது தட்டுக்கு வருவோம். மாமா முதன்முதலாகத் தட்டோடு எழுந்த அன்று, அதற்கு முந்தின நிமிஷம் யார் என்ன சொன்னது? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். எந்தப் பெரியவரும் சரித்திரத்துக்காகச் சோற்றை விட்டு எழுந்து போக மாட்டார். ஒரு வார்த்தை விழுந்திருக்கிறது. பையன் சொல்லி நீங்கள் சிரித்தீர்களா? ரசம் வேண்டுமா என்று கேட்க யாராவது திண்ணைக்குப் போகிறீர்களா, அவரே உள்ளே வந்து ஊற்றிக்கொள்கிறாரா? "அப்பாடா, சத்தம் ஓய்ந்தது" என்று உங்களுக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட இருந்திருக்கும். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் கடிதத்தில் பேச்சே இல்லை. பெற்ற அப்பா வாசலில் சாப்பிடும்போது அந்த மனிதர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

இன்று ராத்திரி பையன் போய்த் தட்டை வாங்கிக்கொண்டு வரட்டும். மன்னிப்பு வசனமெல்லாம் வேண்டாம், "தாத்தா, உள்ள வாங்க" போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கு அனுப்புங்கள். ராஜாவின் சமாதி முன்னால் நின்று வேண்டிய மட்டும் சண்டை போட்டுக்கொள்ளட்டும். சாப்பாட்டு வேளைக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.