இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்குதா? எர்த்தைப் பாருங்க

சார், தொப்பூர் கணவாய் இறங்கும்போது இண்டிகேட்டர் போட்டால் அம்பாசடரின் இடது ஹெட்லைட்டும் சேர்ந்து மினுக்குது, புது பேட்டரி போட்டும் தீரலைன்னு எழுதியிருக்கீங்க. பேட்டரியை விடுங்க, இது பெரும்பாலும் எர்த் கோளாறுதான், அதாவது கரண்ட் வண்டி பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பில் கோளாறு. ரெண்டு லைட்டுக்கும் எர்த் ஒண்ணாயிருந்து அங்கே துரு ஏறினால், கரண்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்து பல்பு வழியா ஓடும்.

ஹெட்லைட் எரியும்போதே மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வச்சு, ஒரு முனையை ஹோல்டரின் எர்த் வயரிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்க. வயரைப் பிடிச்சிருக்கும் கிளாம்பில் வேண்டாம், பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வையுங்க. இண்டிகேட்டரையும் போட்டுப் பாருங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சந்தேகமே வேண்டாம். எர்த் போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சுன்னு தெரியும்வரை உப்புத்தாளில் தேய்ச்சு, பல் வாஷரோடு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்க. வயர் முனையில் பச்சை பூத்திருந்தால் வெட்டிட்டு புது லக் (போல்ட்டில் மாட்டும் வளைய முனை) போடுங்க.