ஹீட்டரின் திரும்பும் ஹோஸ் எங்கே சேர வேண்டும்?

உங்கள் பழைய பெட்ஃபோர்டு லாரியில் இன்ஜின் நன்கு சூடேறிய பின்பும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வருவதாகவும், ஹீட்டரின் இரண்டு ஹோஸ்களும் சிலிண்டர் ஹெட்டிலேயே (இன்ஜினின் மேற்பகுதி) இணைந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஹீட்டரிலிருந்து நீரை இன்ஜினுக்குத் திருப்பும் ஹோஸை சிலிண்டர் ஹெட்டிலிருந்து கழற்றி, வாட்டர் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில், அதாவது ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வந்து சேரும் பக்கத்தில், இணையுங்கள். நீங்கள் எழுதியபடி இரண்டு ஹோஸ்களும் ஹெட்டிலேயே இருந்தால், இரு முனையிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகி நீர் ஓடாது. குளிர்ந்த காற்று வருவதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். ஹீட்டருக்கு வெந்நீர் கொண்டுவரும் ஹோஸ் தெர்மோஸ்டாட்டுக்கு (நீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு விடும் வால்வு) முன்பே பிரிவதால், அதை மாற்ற வேண்டாம்.

மாற்றிய பின் இன்ஜினை ஓடவிட்டு இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால், உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம், அல்லது ஹீட்டர் கோரில் (ஹீட்டருக்குள் வெந்நீர் ஓடும் சிறு ரேடியேட்டர்) துருச்சேறு படிந்திருக்கலாம். காற்றை வெளியேற்ற, வண்டியின் முன்பக்கம் மேட்டை நோக்கியிருக்கச் சரிவில் நிறுத்தி, இன்ஜின் ஆறியிருக்கும்போது மெதுவாக நீர் நிரப்புங்கள். குன்னூரில் சரிவுக்கா பஞ்சம்!

தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிடும்படி யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள்; மலைக்குளிரில் ஹீட்டருக்குப் போதிய சூடு பிறகு கிடைக்கவே கிடைக்காது. ஊட்டியின் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பதால், உள்ளே அழுத்தத்தைத் தாங்கி கொதிநிலையை உயர்த்தும் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்காதீர்கள்.