நின்ன கம்பெனில இருந்து ரெண்டு மாசச் சம்பளம் ஏறியிருக்குதுங்க, திருப்பித் தரோணுமா?

கேள்வி: அக்கா, எனக்கு பெருமாநல்லூர்ங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருந்து ஜனவரி 11ந்தேதியோட நின்னுட்டு, இப்ப அவிநாசில வேற கம்பெனிக்குப் போறேன். அந்த 11 நாள் சம்பளத்த அவங்க இன்னும் தரல. ஆனா பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் முழுச் சம்பளம் 24,200 வீதம் என்ற அக்கவுண்ட்ல ஏறியிருக்குது. மொதல் தடவ வந்தத செட்டில்மெண்ட்டுன்னு நெனச்சு 20,000 எடுத்து ஏலச்சீட்டுக்குக் கட்டிட்டேன். நேத்து அக்கவுண்ட்ஸ்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணி 52,000 ரூவா உடனே அவரு ஜிபே நம்பருக்குப் போடச் சொல்றாரு. எங்க வீட்டுக்காரரு பேசாம இரு, மறந்துருவாங்கங்கறாரு. வாத்தியாரா இருக்கற எங்க மாமா, அதிகமாக் குடுத்த சம்பளத்தத் திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சுங்கறாரு. 11 நாள் சம்பளத்தக் கழிச்சுட்டு மீதியக் குடுத்தாப் போதுங்களா?

பதில்: அம்மணி, மொதல்ல அந்த ஜிபே நம்பருக்கு ஒத்த ரூவா கூடப் போட்டுறாதீங்க. அந்தத் தம்பி நல்ல பையனாவே இருக்கட்டும், கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து வந்த காசு கம்பெனி அக்கவுண்ட்டுக்குத்தான் போகோணும், இல்லீன்னா நாளைக்கு அவரும் வேலைய விட்டுட்டா கம்பெனி கணக்குல நீங்க பாக்கிக்காரியாவே நிப்பீங்க, நான் குடுத்துட்டேன்னு யாருகிட்டப் போயிச் சொல்றது.

காசு உங்களுது இல்லீங்கறது உங்களுக்கே தெரியுது, அதனாலதான கடுதாசி போட்டிருக்கீங்க. சட்டமும் அதத்தான் சொல்லுது. 1872ம் வருசத்து ஒப்பந்தச் சட்டத்துல 72வது பிரிவு, தப்பாக் குடுத்த காச வாங்குனவங்க திருப்பிக் குடுக்கோணும், அவ்வளவுதான். அதுல ஒரு உதாரணம் கூட இருக்குது, ரெண்டு பேருஞ் சேந்து ஒருத்தருக்கு 100 ரூவா தரோணும், ஒருத்தரு குடுத்துட்டாரு, அது தெரியாம இன்னொருத்தரும் போயி 100 ரூவா குடுத்துட்டாரு, ரெண்டாவது வந்த நூற திருப்பிக் குடுத்தே ஆகோணும்னு. நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடியே இந்தக் கூத்தெல்லாம் நடந்திருக்குது பாருங்க.

மறந்துருவாங்கன்னு உங்க வீட்டுக்காரரு சொல்றாரு, சரி, ஆடிட்டரு மறக்க மாட்டாருங்களே. வழக்குப் போட மூணு வருசம் டைம் இருக்குது, அதுவும் காசு போட்ட நாள்ல இருந்து இல்ல, தப்பு நடந்தது அவங்களுக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து, முயற்சி பண்ணியிருந்தா எப்பத் தெரிஞ்சிருக்குமோ அதுல இருந்து. இது போக, தெரிஞ்சே அமுக்கி வெச்சுக்கிட்டா அது கிரிமினலாவும் போகும், பழைய தண்டனைச் சட்டம் ஐபிசில 403வது பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்திருக்கற பிஎன்எஸ்ல 314. பயமுறுத்தறதுக்காகச் சொல்லல, வந்திருக்குதுன்னு எழுத்துல சொல்லிட்டவங்கள யாரும் அமுக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது, அதுக்குத்தான் சீக்கிரமா ஒரு மெயில் போட்டுருங்கன்னு சொல்றேன்.

மாமா சொன்ன தீர்ப்பு நெசந்தாங்க, 2014 டிசம்பர்ல வந்தது, பஞ்சாப் அரசு கேஸு. ஆனா அது கவர்மெண்டு வேலைல இருக்கற சி, டி பிரிவுக்காரங்க, ரிட்டயர் ஆனவங்க, அஞ்சு வருசத்துக்கு மேல அதிகமா வாங்கிட்டு வந்தவங்க, இந்த மாதிரி ஆளுங்ககிட்டப் பிடிக்காதீங்கன்னு சொன்னது. அதுலயும் அவங்க வேலை செஞ்சு வாங்குன சம்பளத்துல கணக்குதான் கூடிப் போச்சு. நீங்க அந்த ரெண்டு மாசம் அங்க வேலையே பாக்கல. மாமாவுக்கு உதவும், உங்களுக்கு உதவாது.

இப்பக் கணக்குக்கு வர்றேன், இங்கதான் நெறையப் பேரு ஏமாந்து போறாங்க. உங்களுக்கு வந்தது 24,200ம் 24,200ம், ஆக 48,400. அவங்க கேக்கறது 52,000. நடுவுல இந்த 3,600 எங்கிருந்து வந்துச்சுன்னா, 52,000த்தப் பாதியாக்குனா உங்க மொத்தச் சம்பளம் மாசம் 26,000, அதுல மாசம் 1,800 பிஎஃப் பிடிச்சிருக்கறாங்க, ரெண்டு மாசத்துக்கு 3,600. அது உங்க கைக்கே வரல, பிஎஃப் ஆபீசுக்குப் போயிருச்சு, அத கம்பெனிதான் அங்க எழுதிக் குடுத்து சரி பண்ணிக்கோணும். நீங்க கைக்காசப் போட்டுக் கட்டற சங்கதி இல்ல. கைக்கு வந்தது எவ்வளவோ அவ்வளவுதான் பேச்சு.

இந்த பிஎஃப்லதான் நெசமான வில்லங்கமே இருக்குது, நீங்க அதப் பத்தி ஒரு வரி கூட எழுதல. பிஎஃப் பாஸ்புக்க எடுத்துப் பாருங்க, பிப்ரவரி மார்ச்சுல ரெண்டு கம்பெனியும் பணம் கட்டியிருக்கும். ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல வேலை பாத்த மாதிரி தெரியும், புது கம்பெனி எச்ஆர் கண்ணுல பட்டா அவங்களுக்கு விளக்கஞ் சொல்லோணும், நாளைக்கு பிஎஃப்ப மாத்தும்போதும் இழுத்தடிக்கும். வேலைய விட்ட தேதிய நாமளே ஆன்லைன்ல போட்டுக்க ஒரு வழி இருக்குது, ஆனா கடைசியாப் பணங் கட்டுன மாசத்துக்குள்ளதான் தேதி போட முடியும், உங்களுக்கு அது மார்ச்சுன்னு விழும், அதனால பிரயோஜனமில்ல. ஜனவரி 11ன்னு கம்பெனிதான் போட்டு, அந்த ரெண்டு மாசத்தையும் எடுத்துவிடோணும். காச அமுக்கிட்டா இத யாருகிட்டப் போயிக் கேப்பீங்க சொல்லுங்க.

நானும் பல்லடத்துப் பக்கம் ஒரு மில்லுல வருசக்கணக்கா சம்பளக் கணக்கு எழுதுனவ. போன மாசத்து ஷீட்ட அப்படியே காப்பி பண்ணி, நின்னவங்க பேர எடுக்க மறந்து பேங்குக்குத் தாட்டி விட்டுருவோம், நானே ஒரு தடவ பண்ணியிருக்கறேன், மெஷின்ல நெறஞ்ச நூல் கண்ட எடுக்கற வேலை பாத்த ஒரு டாஃபர் தம்பி, வேலைய விட்டு நின்னவன், சைக்கிள்ல வந்து "அக்கா எனக்கு எதுக்கு சம்பளம்"னு கேட்டான். அதனால உங்க கம்பெனியும் திட்டம் போட்டு எதுவும் பண்ணியிருக்காது, ஷீட்டுல உங்க பேரு கெடக்குது, அவ்வளவுதான்.

11 நாள் சம்பளம் தனிக் கணக்கு. 2025 நவம்பர் 21ல இருந்து புது ஊதியச் சட்டம் நடைமுறைல இருக்குது, அதுப்படி வேலைய விட்டா ரெண்டு வேலை நாளுக்குள்ள பாக்கிச் சம்பளத்தக் குடுத்துரோணும். 26,000த்த 30ஆல வகுத்து 11ஆல பெருக்குனா 9,500 சொச்சம் வருது, பிஎஃப் பிடிச்சா கொஞ்சங் கொறையும். உரிமையாவே கேளுங்க. ஆனா நீங்களா கழிச்சுட்டு மீதிய அனுப்பாதீங்க, அப்பறம் ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு கணக்கு வெச்சுட்டு அக்கப்போராயிரும். கழிச்சுக் கணக்கு போட்டு அனுப்புங்கன்னு அவங்கள எழுத்துல சொல்ல வைங்க.

சீட்டுக்குக் கட்டுன 20,000ம் போக உங்ககிட்ட 28,400 இருக்கோணும். அதத் தனியா எடுத்து வெச்சுருங்க. 11 நாள் சம்பளத்தக் கழிச்சா தரவேண்டியது 39,000 சுமாருக்கு நிக்கும், கையில இருக்கறதக் குடுத்தது போக பத்து, பதினொண்ணாயிரம் நிக்குது, அத மூணு மாசத் தவணையாக் கேளுங்க. தப்பு அவங்களுது, ஒரே நாள்ல மொத்தமா வைன்னு அதிகாரமாக் கேக்கற எடத்துல அவங்க இல்ல. இதுக்காக வட்டிக்கு வாங்கறது, நகைய வெக்கறதெல்லாம் வேண்டாம்.

எச்ஆருக்கும் மொதலாளிக்கும் சேத்து ஒரே மெயிலாப் போடுங்க, இந்த மாதிரி எழுதலாம்:

"ஜனவரி 11ந்தேதியோட நான் வேலையில் இருந்து நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு 24,200 ரூபாய் வீதம் இரண்டு முறை என் கணக்கில் வந்திருக்கிறது. திருப்பித் தரத் தயாராக இருக்கிறேன். என்னுடைய 11 நாள் சம்பளத்தைக் கழித்து, மீதிக் கணக்கையும் கம்பெனியின் பேங்க் அக்கவுண்ட் விவரத்தையும் எழுத்தில் அனுப்புங்கள். 28,400 ரூபாயை உடனே அனுப்புகிறேன், மீதியை மூன்று தவணையில் தருகிறேன். பிஎஃப்பில் வேலையை விட்ட தேதியைத் திருத்தி, ரிலீவிங் லெட்டரும் தரவேண்டும்."

அவங்க பதில் வந்ததும், அதுல இருக்கற அக்கவுண்ட் நம்பரும் உங்க பேங்க் பாஸ்புக்குல சம்பளம் போட்ட கம்பெனி பேரும் ஒத்துப் போவுதான்னு பாத்துட்டு நெஃப்ட்ல போடுங்க, எந்த மாசத்துப் பணம்னு குறிப்பும் போட்டு. அந்தத் தம்பி மறுக்கா போன் பண்ணுனா, மெயில் போட்டாச்சு அதப் பாருங்கன்னு சொல்லிட்டு வெச்சுருங்க.