ஆற்றங்கரை வழியில் சைக்கிளுக்குத் தடை போட முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் குழித்துறைக்குக் கீழே, தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்தே பள்ளிக்கூடம், சந்தை எல்லாவற்றுக்கும் கரையோர வழியில் சைக்கிளில்தான் போவோம். போன வருடம் ஊராட்சி அதில் பேவர் பிளாக் பதித்து, இரண்டு முனையிலும் இரும்புக் குழாய் நட்டு, ‘நடைப்பயிற்சிக்கு மட்டும், சைக்கிளுக்கு அனுமதி இல்லை’ என்று போர்டு வைத்துவிட்டது. பையன்கள் பைக்கில் வேகமாகப் போகிறார்கள் என்று நடப்பவர்கள் புகார் சொன்னதுதான் காரணமாம். அதைப் பார்த்து, நடுவில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் தன் பட்டா நிலம் என்று சொல்லி கேட் போட்டுப் பூட்டுகிறார். மெயின் ரோட்டில் பிள்ளைகளை சைக்கிளில் அனுப்பப் பயமாக இருக்கிறது. கேஸ் போடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை, புத்தகப் பையோடு, சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிக் குழாய்க்கு அந்தப் பக்கம் போடப் பார்க்கிறாள். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டிப் போகும் வழியை ஒரு போர்டு வைத்து அடைப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

கேஸ் போடலாம். ஆனால் அதற்கு முன்னால் அந்த வழி எந்த நிலத்தில் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். உங்களுக்கு இருப்பது இரண்டு தடை. குழாய் ஊராட்சியுடையது, கேட் தனியாருடையது. இரண்டுக்கும் வழக்கு வேறு, சாட்சியம் வேறு. சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணுக்கும் பக்கத்து எண்களுக்கும் எஃப்.எம்.பி. என்கிற புலப்பட (நில அளவை வரைபட) நகலும், எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று காட்டும் ‘அ’ பதிவேட்டு நகலும் வாங்குங்கள். ஆற்றுப் புறம்போக்கு என்றோ பாதை என்றோ பதிவாகியிருந்தால் பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். பொதுப் பாதையும் ஆற்றுப் படுகையும் அரசின் சொத்து என்று 1905-ம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ம் பிரிவு சொல்கிறது. அதில் கேட் போட்டவருக்கு தாசில்தார் நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். பட்டா இருந்தாலும், பட்டாவில் உள்ள அளவுக்கு மேல் ஓர் அடிகூட அவருக்குச் சேராது. சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

வழி உண்மையிலேயே அவர் பட்டாவுக்குள் ஓடுகிறது என்று வந்தால்தான் சிக்கல். அப்போது நீங்கள் வழக்கமான உபயோகத்தைக் காட்ட வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘இது நாங்கள் காலங்காலமாக நடந்த வழி’ என்று மனுவில் எழுதிவிடுவார்கள். அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைப் பற்றிய 1882-ம் வருட ஈஸ்மெண்ட் சட்டம், 28-ம் பிரிவு, ஒரு வகை வழிப் பாத்தியதைக்குள் (வழி உரிமைக்குள்) வேறு வகை வழிப் பாத்தியதை அடங்காது என்கிறது. நடந்த கதையை மட்டும் சொன்னால் நடக்கிற உரிமைதான் கிடைக்கும். சைக்கிள் போனதற்குத் தனியாக ஆள் வேண்டும். பழைய வழித்தகராறு ஒன்றில் எங்கள் பக்கம் நின்ற பெரியவர் மீன் விற்றவர். தினமும் விடியற்காலையில் பின்சீட்டில் மீன் பெட்டி கட்டி அந்த வழியாக மிதித்தவர். எந்தத் திருப்பத்தில் இறங்கித் தள்ள வேண்டும், மழைக்காலத்தில் எங்கே சக்கரம் புதையும் என்று கூண்டில் நின்று சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையை அத்தோடு முடித்துக்கொண்டார். உங்கள் ஊரிலும் பால்காரர், மீன்காரர், பஞ்சர் கடைக்காரர் இருப்பார்கள். அவர்களைப் பிடியுங்கள்.

ஒரு கெடுவை மறக்க வேண்டாம். தனியார் நிலத்தில் அனுபவப் பாத்தியதை, அதாவது நீண்ட கால உபயோகத்தால் வரும் உரிமை, கேட்க 20 வருட உபயோகம் வேண்டும், அரசு நிலமானால் 30. அந்த உபயோகம் வழக்குத் தாக்கல் செய்வதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும் என்று அதே ஈஸ்மெண்ட் சட்டத்தின் 15-ம் பிரிவு சொல்கிறது. கேட் போட்ட தேதியை இன்றே எழுதி வையுங்கள். ‘பேசிப் பார்க்கலாம்’ என்று மூன்று வருடம் ஓட்டியவர்கள் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஊராட்சியின் குழாய். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மூன்று விஷயம் கேளுங்கள்: சைக்கிளைத் தடுக்கும் தீர்மானத்தின் நகல், எந்தச் சட்டப் பிரிவின்படி அது போடப்பட்டது, பேவர் பிளாக் வேலைக்கான மதிப்பீட்டு நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். தீர்மானமே இல்லாமல் நட்ட போர்டாகவும் இருக்கலாம். சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. மோட்டார் இல்லாத வண்டிகள் பொது இடங்களுக்குள் வருவதை ஒழுங்குபடுத்தி விதி போடும் அதிகாரத்தை, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 138(1A) பிரிவு மாநில அரசுக்குத்தான் கொடுத்திருக்கிறது.

நடப்பவர்களின் பயம் நியாயமானது, அவர்களை எதிரியாக்காதீர்கள். பைக்கைத் தடுக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ம் பிரிவு தனியாக இருக்கிறது. அதன்படி பைக்குக்குத் தடை அறிவிக்கக் கேளுங்கள், அவர்களும் உங்களோடு கையெழுத்துப் போடுவார்கள். இந்தக் குழாய்க்குள் சக்கர நாற்காலியும் நுழையாது என்பதை மனுவில் கட்டாயம் எழுதுங்கள். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் முன்னால் அந்தக் குழாய் நிற்காது.

இதைக் கிராம சபையில் வையுங்கள். மார்ச் 22 தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூடுகிறது, ஆற்றங்கரை விஷயத்துக்குப் பொருத்தமான நாள். அப்புறம் நாகர்கோவிலில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அசையவில்லையா, பத்மநாபபுரம் சப்-கலெக்டரிடம் பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ம் பிரிவில் (பழைய சட்டத்தில் 133) மனு போடலாம். பொது வழியில் உள்ள தடையை அகற்ற அவர் உத்தரவு போடலாம். ஆனால் எதிர்த்தரப்பு ‘இது பொது வழியே இல்லை’ என்று நம்பத்தக்க ஆதாரம் காட்டினால், அவர் அதை சிவில் கோர்ட்டுக்கு விட்டுவிட வேண்டும். புலப்படத்தை முதலில் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். சிவில் வழக்குக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 91-ம் பிரிவு வசதியானது. இரண்டு பேர் சேர்ந்து கோர்ட் அனுமதியோடு போடலாம், தனிப்பட்ட நஷ்டம் காட்ட வேண்டியதில்லை. ஆறும் கரையும் மக்களுக்காக அரசு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பவை என்று பியாஸ் நதி வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதுரைக் கிளைக்கு ரிட் போகும் நிலை வந்தால் அந்தத் தீர்ப்பு கைகொடுக்கும்.

அந்தப் பிள்ளையின் படத்தை மனுவோடு இணையுங்கள். முகத்தை மறைத்து, அவள் வீட்டில் சம்மதம் கேட்டு, எடுத்த தேதியைப் பின்பக்கம் எழுதி.