28 தொன் என்று எழுதியது யார் தலையில் விழும்?

கேள்வி: பியகமவில் உலோகப் பட்டறை நடத்துகிறேன். துறைமுகத்துக்கு வந்த அழுத்து இயந்திரமொன்றை ஏற்றிவர, லோபெட் ட்ரெயிலர் (பாரமான இயந்திரங்களை ஏற்றும் தாழ்தள இழுவை வண்டி) ஒன்றை 285,000 ரூபாவுக்கு வட்ஸ்அப்பில் பேசி அமர்த்தினேன். 28 தொன் என்று எழுதி, பொதியிடல் பட்டியலின் படத்தையும் அனுப்பினேன். 28 என்பது தேறிய எடை; பெட்டியோடு 32. ஒருகொடவத்தை அருகே ட்ரெயிலரின் அச்சு முறிந்தது. உரிமையாளர் இயந்திரத்தைப் பேலியகொடையிலுள்ள தமது வளவில் வைத்துக்கொண்டு, திருத்தச் செலவாகவும் வருமான இழப்பாகவும் 11 இலட்சம் கேட்கிறார். தராவிட்டால் விடமாட்டாராம்.

பதில்: எடையைத் தவறாகச் சொன்னது உங்களுக்குப் பாதகமானதுதான், அதை மறைத்து வழக்காட முடியாது. எத்தனை அச்சுள்ள ட்ரெயிலரை அனுப்புவதென்று அவர் தீர்மானித்ததே உங்கள் சொல்லை வைத்துத்தான். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் மொத்த எடை 32 தொன் என்று தெளிவாக இருக்கிறது. துறைமுக வாயிலில் 32 தொன் காட்டிய நிறுவைச் சீட்டிலும் சாரதி ஒப்பமிட்டிருக்கிறார். உண்மையான எடையை அறிந்த பின்னரும் வண்டியை வீதிக்கு எடுத்தவர், முழுப் பழியையும் உங்கள் மீது சுமத்துவதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. அந்தச் சீட்டுத்தான் உங்கள் வழக்கு.

வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்கு மேல் ஏற்றிச் செல்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் ட்ரெயிலர் உரிமையாளர் பதில் சொல்ல வேண்டிய விடயம். வழமைக்கு மீறிய பாரமென்று வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் அனுமதி பெற்றிருந்தால் அதன் பிரதியைக் கேளுங்கள். அதில் எத்தனை தொன் எழுதப்பட்டிருக்கிறதென்று பார்க்க வேண்டும்.

இனி, தடுத்துவைத்தல். செய்த வேலைக்கான கூலி கிடைக்கும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை நமது றோமன் டச்சுச் சட்டத்தில் உண்டு. பயணமே முடியாத நிலையில் முழுக் கூலியும் உரியதா என்பது வாதத்துக்குரியது. எனினும், இன்னும் நிரூபிக்கப்படாத 11 இலட்சம் நட்டஈட்டுக்காக அந்த உரிமையை நீட்டிப்பது மிகவும் பலவீனமான வாதம். ஆகவே, 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' (பணம் கொடுப்பதால் அவர் கோரிக்கையை ஏற்றதாகாது என்ற பொருளில்) என்று எழுத்தில் குறிப்பிட்டு 285,000 ரூபாவைச் செலுத்த முன்வாருங்கள். தேவைப்பட்டால் தர்க்கத்துக்குரிய தொகைக்கு வங்கி உத்தரவாதமும் தரலாம். அதன் பின்னரும் மறுத்தால், கோரிக்கைக் கடிதம் அனுப்பி, பொருளை விடுவிக்கும் கட்டளைக்காக நீதிமன்றத்தை நாடலாம். கிரேனோடு வளவுக்குப் போய் நீங்களே எடுத்துவர நினைக்காதீர்கள். அப்படிப் போனவர்கள் பொலிஸ் நிலையத்தில்தான் முடித்திருக்கிறார்கள்.

வண்டியின் மூன்றாந் தரப்புக் காப்புறுதி பொதுவாக ஏற்றிய சரக்குக்குப் பணம் தராது. உங்களிடம் சரக்குக் காப்புறுதி இருந்தால், இயந்திரத்துக்குச் சேதமா என்று தெரியும்வரை காத்திராமல் இன்றே எழுத்தில் அறிவியுங்கள்.

மின்னணு வடிவில் இருப்பதனால் மட்டும் வட்ஸ்அப் உரையாடல் செல்லாததாகிவிடாது என்பது 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் நிலைப்பாடு. காலாவதிக் கட்டளைச் சட்டப்படி வழக்குத் தொடரும் கால எல்லை எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகள், வாய்மொழிக்கு 3, தீங்கியல் (ஒப்பந்தம் சாராத தவறு) நட்டஈட்டுக்கு 2. பாதுகாப்புக்காக நான் 2 என்றே கணக்கிடுவேன். நிறுவைச் சீட்டு வெப்ப அச்சுத் தாளில் இருந்தால் எழுத்து சில மாதங்களில் வெளிறிவிடும். இன்றே படியெடுத்து வையுங்கள்.