டீசல் காரில் பெட்ரோல்: சாவியைத் தொடாதீர்கள்

பாதி டேங்க் டீசலில் பத்து லிட்டர் பெட்ரோல் விழுந்துவிட்டது, மேலே டீசல் நிரப்பி ஓட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. ஸ்டார்ட் பண்ணாமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். இனி சாவியையும் திருப்பாதீர்கள்; பல கார்களில் 'ஆன்' வைத்தாலே டேங்க் பம்ப் ஓடி பெட்ரோலை இன்ஜினுக்குப் போகும் லைனுக்குள் தள்ளிவிடும்.

எரிபொருளை அதிக அழுத்தத்தில் தள்ளும் ஹை பிரஷர் பம்புக்கு வழவழப்பு தருவதே டீசல்தான். பெட்ரோல் அந்த எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட்டால் இரும்போடு இரும்பு உரசி, துகள், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போகும். நானும் ஒருமுறை இப்படிப் பெட்ரோல் விழுந்தது தெரியாமல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். ஃபில்டரைக் கழற்றியபோது அடியில் வெள்ளிப்பொடி மாதிரி மின்னியது, இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வண்டியை டோ செய்து, டேங்கை முழுக்க வடிக்கச் சொல்லுங்கள். ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். குழாய் விட்டு வாயால் மட்டும் உறிஞ்சாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.